சமூக ஏற்றத்தாழ்வும் அதிகாரமும்: யாழ்ப்பாணத்தில் இருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எடுத்துவிட்டு முழிப்பவர்கள், இடைக்கிடை ரொறன்ரோவில் இருந்து கோபத்தோடு எழுதும் அண்ணன்மார் என்று பலர் கேட்பதை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கோட்பாடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை, உதாரணங்கள் இங்கத்தையவை. வரிசையாக வாசிக்கத் தேவையில்லை.

ஏற்றத்தாழ்வு என்றால் பணம் உள்ளவன், இல்லாதவன் என்ற வித்தியாசம்தானே?

அது ஒரு பகுதி மட்டும். ஒருவருக்கு லொத்தரில் கோடி விழுந்தால் அவருக்கும் அயலுக்கும் இடையில் வித்தியாசம் வந்துவிட்டது, சரி. ஆனால் ஒரு குறிச்சிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சாதாரணதரத்தோடு நின்று கூலிவேலைக்குப் போகிறார்கள், பக்கத்துக் குறிச்சிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கந்தோருக்குப் போகிறார்கள் என்றால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது, யார் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சமூகவியல் கேட்கும் கேள்வி.

2022 ஐ எடுங்கள். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, மே மாதத்தில் 360 வரை போனது. ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு வெளியில் இருந்து மாதம் 300 டொலர் வருகிறது. அது 60,000 ரூபாவாக இருந்து 108,000 ரூபாவாகிவிட்டது. மற்ற வீட்டுக்காரர் மேசன், சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலை நின்றதும் நாட்கூலியும் நின்றுவிட்டது. விலைவாசி இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் ஏறியது, ஆனால் ஒரு வீடுதான் மூழ்கியது. இங்கே கேட்க வேண்டியது, முதல் வீட்டில் இருந்து ஒருவர் வெளிநாடு போக முடிந்ததே, அது எப்படி என்று. ஏஜென்சிக்குக் கட்ட ஈடு வைக்கவோ விற்கவோ காணி இருந்தது, அங்கே ஏற்கெனவே ஒரு மாமா இருந்தார். மேசன் வீட்டில் இரண்டும் இல்லை.

கெட்டிக்காரன் மேலே வருகிறான், மற்றவன் கீழே நிற்கிறான். இதற்கு ஏன் இவ்வளவு விளக்கம்?

இந்த நினைப்புக்குச் சமூகவியலில் மரியாதையான ஒரு வடிவம் உண்டு. 1945 இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதினார்கள்: சில வேலைகள் சமூகத்துக்கு மிக முக்கியம், அவற்றுக்குத் திறமையும் நீண்ட பயிற்சியும் வேண்டும், அந்தக் கஷ்டத்துக்கு ஆட்கள் முன்வர வேண்டும் என்றால் கூடிய சம்பளமும் மதிப்பும் கொடுக்கத்தான் வேண்டும், ஆகவே ஏற்றத்தாழ்வு இல்லாமல் சமூகம் ஓடாது. பாடப்புத்தகத்தில் செயற்பாட்டுவாதம் என்று வருவது இந்த வகைச் சிந்தனைதான். எங்கள் ஊர் அப்பாமார் வாசிக்காமலே நம்புகிற கோட்பாடு என்றும் சொல்லலாம்.

1953 இல் மெல்வின் டூமின் இதற்குப் பதில் எழுதினார். எது முக்கியமான வேலை என்று முடிவு செய்வது யார்? எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாசலில் நிறுத்திச் சோதித்துவிட்டுத்தானா திறமையைத் தெரிவு செய்கிறோம்? மேலே இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வழிவிட்டு மற்றவர்களுக்கு அடைத்தால் சமூகத்துக்குத் திறமை கூடுகிறதா, குறைகிறதா? யாழ்ப்பாணத்து நகரக் குப்பையை ஒரு கிழமை அள்ளாமல் விட்டுப் பாருங்கள், எது முக்கியமான வேலை என்று விளங்கும். அந்த வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் ஏன் பரம்பரையாக ஒரே சமூகத்தில் இருந்து வருகிறார்கள் என்பதற்கு டேவிஸிடமும் மூரிடமும் பதில் இல்லை. பயிற்சிக்கு ஊக்கம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதை நான் ஏற்பேன். வைத்தியருக்கு ஏன் கூடச் சம்பளம் என்பதை அது ஓரளவு விளக்கும், வைத்தியரின் மகன் ஏன் வைத்தியர் என்பதை விளக்காது.

மார்க்ஸ் இங்கே செல்லுமா? எங்களிடம் பெரிய தொழிற்சாலைகளே இல்லையே.

மார்க்ஸின் முதற் கேள்வி தொழிற்சாலை பற்றியது மட்டும் என்று நினைப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. உழைப்பதற்குத் தேவையான சாதனம் யார் கையில், அது இல்லாதவன் யாரை நம்பி வாழ வேண்டும், உழைப்பில் மிஞ்சுவது யாருக்குப் போகிறது: அவர் கேட்டது இவைதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தியாவைப் போலப் பெரிய ஜமீன்தார்கள் இருந்ததில்லை. காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கும் ஊர் இது, 16 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். ஆனால் இங்கே வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கடியில் இருக்கிற தண்ணீரைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேண்டும், கிணறு யாருடையதோ ஒரு காணிக்குள் இருக்கிறது. பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். எல்லைகளைச் சொல்லி, பனை, வடலி, பூவரசு எல்லாம் சொல்லி, கடைசியில் கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியில் பங்கு இல்லாதவன் தோட்டம் செய்ய முடியாது. வீட்டுக் கிணறும் இல்லையென்றால் குடிக்கிற தண்ணீருக்கும் இன்னொருவர் வளவுக்குப் போக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது என்ற வழக்கம் இருந்த காலத்தில் குடத்தோடு வந்து தள்ளி நின்று, யாராவது அள்ளி ஊற்றும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணை அடுத்த நாள் அதே வீட்டுத் தோட்டத்துக்கு வெங்காயம் நடக் கூப்பிட்டால், கூலி காணாது என்று சொல்வாளா?

இந்த இடம் வரை மார்க்ஸ் நன்றாக வருகிறார். ஆனால் இங்கே உயர்ந்ததாக வைக்கப்படும் வெள்ளாளச் சாதியில், கிணறே இல்லாத ஏழையும் மற்றவர் கிணற்றுக் கட்டில் ஏறலாம், அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அதை வர்க்கத்தால் மட்டும் விளக்கப் பார்த்தால் இழுபட வேண்டியிருக்கும்.

மிஞ்சுவது எங்கே போகிறது என்ற கேள்விக்கு இன்றைய உதாரணம் வேண்டுமென்றால் போருக்குப் பிறகு வடக்கில் பரவிய நுண்கடன். கிழமைக்குக் கிழமை தவணை, ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் பொறுப்பு. சம்பளம் கொடுக்கும் முதலாளி யாரும் இல்லை, ஆனால் கோழி வளர்த்தும் இடியப்பம் அவித்தும் மிச்சம் பிடித்ததில் பெரும் பங்கு வட்டியாக ஊரைவிட்டுப் போகிறது. 2018 இல் அரசாங்கமே தலையிட்டு ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

வெபர் என்ன புதிதாகச் சொன்னார்?

ஒரே ஒரு ஆளைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஜெர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபரைப் படியுங்கள் என்பேன். அவர் ஏற்றத்தாழ்வை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்: சந்தையில் உங்களுக்கு என்ன வாய்ப்பு என்பது வர்க்கம், மற்றவர்கள் உங்களை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பது அந்தஸ்து, சேர்ந்து நின்று காரியம் சாதிக்கும் பலம் கட்சி. கட்சி என்றவுடன் தேர்தல் கட்சி மட்டும் என்று எடுக்காதீர்கள், கோயில் சபையும் பழைய மாணவர் சங்கமும் அதற்குள் வரும்.

மூன்றும் பெரும்பாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும், ஆனால் எப்போதும் அப்படியில்லை. இதை எங்கள் ஊரில் காண்பது லேசு. சுவிஸில் இருந்து வந்தவர் மாபிள் பதித்து மாடி கட்டுகிறார், கேட்டில் சிங்கம் வைக்கிறார், ஊர் வாசிகசாலைக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறார், எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள். கோயிலில் ஒரு நாள் திருவிழா உபயம் தாருங்கள் என்று கேட்டவுடன் மட்டும், ஒவ்வொரு நாளும் பரம்பரை உபயகாரருக்கு உரியது, புதிதாகக் கொடுக்க வழியில்லை என்று பதில் வருகிறது. காசு இருக்கிறது, அந்தக் காசு அந்த வாசலில் செல்லாது.

வெபரிடம் இன்னொரு கருத்தும் உண்டு, சமூக அடைப்பு என்று சொல்லலாம். ஒரு கூட்டம் தன் கையில் உள்ள வாய்ப்பை மற்றவர்கள் எடுத்துவிடாதபடி ஏதோ ஒரு அடையாளத்தை வைத்து வாசலை மூடுவது. அடையாளம் எதுவாகவும் இருக்கலாம்: சாதி, மொழி, சான்றிதழ், படித்த பள்ளிக்கூடம். 1979 இல் ஃபிராங்க் பார்க்கின் இதை விரித்து, மேலே இருப்பவர்கள் வாசலை மூடுவதும் கீழே இருப்பவர்கள் சேர்ந்து தள்ளித் திறக்கப் பார்ப்பதும் இரண்டு தனித்தனி உத்திகள் என்றார். என் பார்வையில் யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றில் பாதி இந்தக் கதவுப் போராட்டம்தான். அடையாளம் மாறும், வாசலில் நிற்கிறவர்கள் அவ்வளவு இலகுவில் மாறுவதில்லை.

அதிகாரம் என்பது மற்றவனைச் செய்ய வைக்கும் பலம்தானே?

வெபரும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்: எதிர்ப்பு இருந்தாலும் உன் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு. அப்புறம் வந்தவர்கள் எதிர்ப்பே இல்லாத இடத்தைப் பற்றி யோசித்தார்கள், சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கோயில் பரிபாலன சபைக் கூட்டத்தை எடுங்கள். நிருவாகத்துக்கு இரண்டு பேர் போட்டி, கை உயர்த்தி வாக்கு, ஒருவர் வெல்கிறார். அதிகாரம் கண்ணுக்குத் தெரிகிறது. ரொபர்ட் டால் அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்தை ஆராய்ந்து 1961 இல் வெளியிட்ட நூல் இந்த வகை: யார் எந்தத் தீர்மானத்தில் வென்றார்கள் என்று எண்ணிப் பார்த்தார், ஒரே கூட்டம் எல்லாவற்றிலும் வெல்லவில்லை, ஆகவே அதிகாரம் பரவிக் கிடக்கிறது என்றார்.

அடுத்த வருடமே பீற்றர் பக்ராக், மோர்ட்டன் பராட்ஸ் இருவரும் கேட்டார்கள்: கூட்டத்துக்கு வராத விடயங்கள் என்ன? தேர் வடம் எல்லாரும் பிடிக்கலாமா என்று ஒரு இளைஞர் கேட்க நினைக்கிறார். செயலாளர், "தம்பி, அது இப்ப வேண்டாம், திருவிழா முடியட்டும், பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்கிறார். கூட்டக் குறிப்பில் எதுவும் பதியப்படாது. யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை, ஆனால் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. டால் எண்ணியிருந்தால் இது அவருடைய கணக்கில் வந்திருக்காது.

1974 இல் ஸ்டீவன் லூக்ஸ் இன்னும் ஒரு படி கீழே போனார். கேட்க வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கு வராமல் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிகாரம் என்றார். கோயிலுக்குள் விடப்படாமல் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்களுக்கு அது தங்களுக்கு உரிய இடமாகவே தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது சண்டையும் இல்லை, பொலிஸும் இல்லை, ஊர் ஒற்றுமையாக இருந்தது என்று இன்றும் பெருமூச்சு விடுபவர்கள் இருக்கிறார்கள்.

மறைந்திருக்கும் அதிகாரத்தை வெளியே வரவைக்க ஒரே வழி யாராவது கேட்பதுதான். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடும்படி சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம். அதற்கு 11 வருடம் முன்பே, 1957 இல், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம். அந்தச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்கும் வந்தது. சட்டம் ஒரு பக்கமும் வாசல் இன்னொரு பக்கமுமாக எவ்வளவு காலம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 50 வருடம் கழித்து, 2018 இல், தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த படங்கள் பரவின. வடம் பிடிக்க ஆள் போதாது என்றது ஒரு தரப்பு, மற்றச் சாதியினர் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே என்றது மறுதரப்பு.

கீழே இருப்பவர்களே ஏற்றுக்கொண்டால் அதை எப்படி ஒடுக்குமுறை என்பது?

அந்தோனியோ கிராம்சி 1926 இல் முசோலினியின் அரசால் பிடிக்கப்பட்டுச் சிறையில் இருந்து குறிப்பேடுகளில் எழுதியது இதைத்தான்: ஆளும் வர்க்கம் தடியால் மட்டும் ஆள்வதில்லை, தன் பார்வையை எல்லோருடைய பொதுப்புத்தியாகவும் ஆக்கி ஆள்கிறது. பள்ளிக்கூடம், கோயில், பத்திரிகை எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான எங்கள் தேசவழமை எழுத்துக்கு வந்த விதத்தைப் பாருங்கள். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். தொகுத்ததைத் தமிழாக்கி, சரிதானா என்று பார்க்கச் சொல்லி 12 முதலியார்களிடம் (காணியும் பதவியும் உள்ள உள்ளூர்த் தலைவர்களிடம்) கொடுத்தார்கள், அவர்கள் சரி என்றார்கள். அதில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அடிமைகளில் ஒருவரிடமும் யாரும் கேட்டதாக இல்லை. இலங்கையில் அடிமைமுறை 1844 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. காணிக்காரர்கள் சொன்னது "நாட்டு வழக்கம்" ஆனது இப்படித்தான்.

ஆனால் கிராம்சியை அளவுக்கு மீறி இழுத்தால் கீழே உள்ள சனம் ஒன்றும் விளங்காதவர்கள் என்று ஆகிவிடும். மலேசியக் கிராமம் ஒன்றில் இருந்துவிட்டு ஜேம்ஸ் ஸ்கொட் 1985 இல் எழுதியது அதற்கு மறுப்பு: ஏழைகளுக்கு எல்லாம் விளங்கும், முன்னால் தலையாட்டுவார்கள், பின்னால் வேலையை மெதுவாகச் செய்வார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள், நெல்லில் கொஞ்சம் எடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இருக்கும் பட்டப்பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஃபூக்கோவை விட்டுவிட்டீர்களே?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975 இல் சிறைச்சாலை பற்றி எழுதியதில் எங்களுக்குப் பயன்படுவது, பார்க்கப்படுகிறோம் என்ற நினைப்பு ஒருவரைத் தானே தன்னைக் காவல் காக்க வைக்கும் என்பது. பெண்பிள்ளை ரியூசன் முடிந்து எத்தனை மணிக்கு எந்த ஒழுங்கையால் வருகிறாள் என்று முழு ஊருக்கும் தெரியும். அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பூர்தியுவின் "மூலதனம்" என்றால் என்ன? ஏன் எல்லோரும் அவரையே மேற்கோள் காட்டுகிறார்கள்?

காசு மட்டும் மூலதனம் இல்லை என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு. படிப்பும் பேச்சும் ரசனையும் பண்பாட்டு மூலதனம், ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பது சமூக மூலதனம். இவற்றை ஒன்றில் இருந்து மற்றொன்றாக மாற்ற முடியும் என்பதில்தான் விடயமே இருக்கிறது. மாற்றத் தெரிந்த குடும்பம் எந்தக் காலத்திலும் மிதக்கும்.

யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒன்றின் 150 வருடத்தை இப்படிச் சொல்லலாம். முதலில் காணி. அமெரிக்க மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள், வட்டுக்கோட்டைச் செமினரி 1823 இல் தொடங்கியது. புகையிலை விற்ற காசு பிள்ளையின் ஆங்கிலப் படிப்பாக மாறியது. ஆங்கிலம் கொழும்பில் கிளாக்கர் வேலையாகவும் மலாயாவில் ரயில்வே வேலையாகவும் மாறியது. மலாயன் பென்சனியர் திரும்பி வந்து நாற்சார் வீடு கட்டினார், மகளுக்குச் சீதனமாகக் காணி வாங்கினார், அந்தச் சீதனம் ஒரு டொக்டர் மாப்பிள்ளையாக மாறியது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதியை மொழி, மாவட்டம் பார்த்து மாற்றிய அரச முறை) வந்து பல்கலைக்கழக வாசல் ஒடுங்கியது, 1983 இல் கலவரம், வெளிநாடு. அங்கிருந்து வரும் காசு மறுபடி காணியாகிறது. நடுவில் போர் வந்து வீடு இடிந்தாலும் சங்கிலி முழுதாக அறவில்லை, ஏனென்றால் ஒரு கண்ணி போனால் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் கண்ணியே இல்லாத குடும்பத்தை யோசியுங்கள். காணி இல்லை. பள்ளிக்கூடம் போனாலும் 1930ஐ ஒட்டிச் சம ஆசன உத்தரவு வரும்வரை நிலத்தில் இருக்க வேண்டும், வாங்கில் இருக்க முடியாது. உத்தரவு வந்தபோது சில பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். 1945 இல் இலவசக் கல்வி வந்ததால் உண்மையாகவே பலர் மேலே வந்தார்கள், அதை மறுக்கக் கூடாது. ஆனால் பள்ளிக்கூடக் கல்வி இலவசமாகிய பிறகு போட்டி ரியூசனுக்கு இடம் மாறிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளை போவதைப் பாருங்கள், மூன்றாம் வகுப்பில் இருந்தே அம்மா ஸ்கூட்டியில் ஏற்றி இறக்குகிறார். அம்மா மீன் சந்தையிலோ தும்புத் தொழிலிலோ இருந்தால் யார் ஏற்றி இறக்குவது? பெறுபேறு வரும்போது "பிள்ளை கெட்டிக்காரி" என்று பத்திரிகையில் படம் வரும். அந்தக் கெட்டித்தனம் பிறவியிலேயே வந்ததுபோல் தோன்ற வைப்பதைத்தான் பூர்தியு குறியீட்டு வன்முறை என்றார். பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை, அவள் உண்மையாகவே படித்தாள்.

சாதியெல்லாம் போரோடு போய்விட்டது. ஏன் திரும்பக் கிளறுகிறீர்கள்?

எனக்குக் கூடுதலாக வரும் கேள்வி இதுதான், கேள்வியாக வருவதும் குறைவு. போரின்போது சாதியைப் பற்றி வெளியே கதைப்பதை விடுதலைப் புலிகள் இயக்கம் அனுமதிக்கவில்லை. பதுங்கு குழியிலும் முகாமிலும் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பேணி வைக்கும் காலம் முடிந்துவிட்டது என்பதும் உண்மைதான். அது தானாகப் போகவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய் அடி வாங்கியவர்களும், அதைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமாகச் சேர்ந்து கடை கடையாகப் போய் இருந்தவர்களும் போக்கியது. அந்தப் போராட்டத்தில் என். சண்முகதாசனின் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் பெரும் பங்கு.

சாதி இன்னும் இருக்கிற இடம் எது என்றால், முதலாவது கலியாணம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவைப் பக்கத்தை எடுங்கள். யாழ் இந்து உயர்குலம், பிறந்த ஆண்டு, நட்சத்திரம், செவ்வாய் உண்டா இல்லையா, தொழில், கனடா பிரசை. வெபர் சொன்ன அந்தஸ்தும் வர்க்கமும் இரண்டு அங்குல விளம்பரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எது முதலில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது காணி. வலிகாமம் வடக்கில் இருந்து 1990 இல் போரால் இடம்பெயர்ந்தவர்களில் காணியும் உறவும் உள்ளவர்கள் முகாமைவிட்டு வெளியேறிவிட்டார்கள். பல வருடம் கழித்தும் முகாமில் மிஞ்சிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, சொந்தக் காணி இல்லாதவர்கள். காணி விற்கிறவரும் "எங்கட ஆக்களுக்குத்தான் குடுக்கிறது" என்றால் காசோடு போனாலும் திரும்பி வர வேண்டியதுதான்.

இந்தியாவைப் பற்றி எழுதிய லூயி டூமோ 1966 இல் சாதியின் அடிப்படை தூய்மை, உச்சியில் பிராமணர், அதிகாரம் அதற்குக் கீழே என்றார். யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்தாது. இங்கே பெரும்பாலும் கோயில் வெள்ளாளருடையது, ஐயர் அவர்களிடம் சம்பளத்துக்குப் பூசை செய்கிறார். எம்.என். சீனிவாஸ் சொன்ன ஆதிக்கச் சாதி, அதாவது காணியும் எண்ணிக்கையும் செல்வாக்கும் ஒரே கையில் இருப்பது, எங்களுக்கு நெருக்கமாக வரும். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இன்னும் கூர்மையானது: ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒருவர் இருப்பதால், மேலே உள்ளவரை எதிர்த்து எல்லோரும் ஒன்று சேர்வது கஷ்டமாகிவிடுகிறது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள்ளும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத வழக்கம் இருந்ததை வேறு எப்படி விளக்குவது?

எங்கள் ஊரில் வீடு பெண்ணின் பெயரில்தான். பெண்களுக்கு அதிகாரம் இருக்கிறதே?

சொத்து இருப்பதும் அதிகாரம் இருப்பதும் வேறு என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான். சீதனமாக வீடும் வளவும் மகளுக்கு எழுதப்படுகிறது, உறுதியில் அவள் பெயர். ஆனால் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி அவள் அந்த அசையாச் சொத்தை விற்க, ஈடு வைக்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்க அவள் சம்மதம் தேவையில்லை. கணவன் எங்கே என்றே தெரியாத பெண் என்ன செய்வாள்? காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி கடன் எடுக்கப் போனால் கையெழுத்துக்கு ஆள் இல்லை, மரணச் சான்றிதழ் எடுக்க மனமும் இல்லை, நீதிமன்றம் போகக் காசும் இல்லை.

கிம்பர்லே கிரென்ஷா 1989 இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை வைத்து, இரண்டு ஒடுக்குமுறை சந்திக்கும் இடத்தில் நிற்பவரை இரண்டு சட்டமும் கைவிடுகிறது என்று காட்டினார். மேலே சொன்ன, கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்குச் சீதனக் காணியும் இல்லை, அவள் ஒடுக்கப்பட்ட சாதியும் என்றால் கணக்கு எப்படி வரும் என்று நீங்களே பாருங்கள்.

சிங்களப் பேரினவாதம் இருக்கும்போது இதையெல்லாம் கதைப்பது தமிழரைப் பிரிப்பதாகாதா?

1956 இல் தனிச்சிங்களச் சட்டம், 1970களில் தரப்படுத்தல், அப்புறம் நடந்தவை: அரசு என்ற வாசலில் தமிழர் முழுப்பேரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சார்ள்ஸ் டில்லி 1998 இல் எழுதியது இந்தக் கேள்விக்கு உதவும். நீடிக்கும் ஏற்றத்தாழ்வு எல்லாம் சோடி சோடியான வகைகளில் கட்டப்படுகிறது என்றார் அவர்: கறுப்பர்–வெள்ளையர், ஆண்–பெண், குடிமகன்–அந்நியன். ஒரு சோடியில் கீழே நிற்பவர் இன்னொரு சோடியில் மேலே நிற்கலாம்.

யாழ்ப்பாணத்தவரின் பல்கலைக்கழக இடத்தைக் குறைத்த மாவட்டக் கோட்டாவால் மன்னார், வவுனியா, மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. கோட்டா வந்த நோக்கத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, பின்னர் வன்முறைகளுக்கு அஞ்சி வன்னிக்கு வந்தவர்களை எங்கள் ஆட்கள் தோட்டக் கூலிகளாகத்தான் வைத்திருந்தார்கள். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணித்தியாலத்தில் வெளியேற்றியது சிங்கள அரசு இல்லை, புலிகள். இதைக் கதைத்தால் பிரிவு வரும் என்பவர்கள், பிரிவு எப்போது வந்தது என்று வெளியேற்றப்பட்டவரிடம் கேட்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வை எப்படி அளப்பது?

வருமானத்துக்குக் கினிக் குணகம். எல்லோருக்கும் சமமென்றால் 0, எல்லாம் ஒருவரிடம் என்றால் 1. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிட நல்லது. யார் கையெழுத்துப் போட வேண்டும், யாருக்குக் காணி விற்கமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் வராது.

வெளிநாட்டுக் காசு ஏற்றத்தாழ்வைக் குறைத்ததா, கூட்டியதா?

இரண்டும். முன்பு காணிக்காரரை நம்பியிருந்த குடும்பத்தில் ஒரு பெடியன் எப்படியாவது பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இப்போது சொந்தக் கிணறு இருக்கிறது, தோட்டக் கூலிக்கு வரமாட்டார்கள், அதனால்தான் "இப்ப வேலைக்கு ஆள் பிடிக்கேலாது" என்று சிலர் அலுக்கிறார்கள். இது சின்ன மாற்றமில்லை. மறுபக்கம், போனவர்களின் ஊர்ச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் காசு அனுப்புவது தாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் தங்கள் கோயிலுக்கும்தான். ஏற்கெனவே மாடி உள்ள பள்ளிக்கூடத்துக்கு நீச்சல் தடாகம் வரும், வெளிநாட்டில் ஆள் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு மலசலகூடக் கதவும் வராது. அதோடு காணி விலையும் டொலருக்கு ஏற்ப ஏறிவிட்டதால், மாதச் சம்பளத்தில் வாழ்கிற ஆசிரியர் ஒருவர் நல்லூர்ப் பக்கம் இரண்டு பரப்பு வாங்குவதைக் கனவிலும் நினைக்க முடியாது.

ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். எந்தக் கோட்பாட்டை எடுப்பது?

கோட்பாட்டைத் தெரிந்துவிட்டு ஊரைத் தேடாதீர்கள். ஒரு வாசலை எடுங்கள்: ஒரு கோயில் சபை, ஒரு மீனவர் சங்கம், ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கம், அல்லது 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிப் பட்டியல். யார் உள்ளே, யார் வெளியே, உள்ளே வர என்ன கேட்கிறார்கள், அதை முடிவு செய்தது யார், வெளியே நிற்பவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள். காணியும் கூலியும் முன்னுக்கு வந்தால் மார்க்ஸ் தேவைப்படுவார், மரியாதை வந்தால் வெபர், சான்றிதழும் பேச்சும் வந்தால் பூர்தியு, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் மழுப்பினால் லூக்ஸ். இரண்டு பேரைச் சேர்த்தால் மேற்பார்வையாளர் அடிக்கமாட்டார்.

பேட்டி எடுக்கும்போது ஒன்று: தலைவரோடு தொடங்கினால் அவர் தனக்கு வேண்டியவர்களிடமே உங்களை அனுப்புவார், கடைசிவரை அவருடைய ஊரையே எழுதுவீர்கள். கூட்டத்துக்குக் கதிரை அடுக்க வருகிறவரிடம் முதலில் கதையுங்கள். தலைவரிடம் பிறகு போகலாம், அவர் எப்படியும் கதைப்பார்.